செண்பகவல்லியின் அட்டெண்டர்

மார்ச் 4, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "இது கரண்டு இல்லைங்க, கதிர்வீச்சு. வெளிச்சம் மாதிரி, ஆனா கண்ணுக்குத் தெரியாது" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாம்மா, கரண்டு" என்றார்.

அவர் பெயர் இருளப்பன். உசிலம்பட்டிப் பக்கம். ஆட்டு வியாபாரம். தொண்டையில் கட்டி. தனியாக பஸ் ஏறி வந்து, தனியாகப் போகிறார்.

நுழைவாயில் கவுண்டரில் என் கையில் வெள்ளைப் பட்டை ஒன்றைச் சுற்றினார்கள். அதில் என் பெயர். தம்பி உலகநாதன் கழுத்தில் மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதில் 'செண்பகவல்லியின் அட்டெண்டர்'. அவன் பெயர் எங்கேயும் இல்லை. "என் பேரையே காணோமேக்கா" என்றான். "உனக்கு எதுக்குப் பேரு? நீ எனக்குக் கூட வந்தவன்" என்றேன். சிரித்தோம்.

கேண்டீனில் அவன் ஒரு டீ கேட்டான், கண்ணாடி கிளாசில் சூடாகக் கொடுத்தார்கள். நான் அதே ஒரு டீ கேட்டேன். கேண்டீன்காரர் என் கைப்பட்டையைப் பார்த்தார். காகிதக் கப்பில், சர்க்கரை இல்லாமல், ஆற்றிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆறிய டீயை நான் கேட்கவும் இல்லை.

திரும்பக் கொடுத்துவிட்டு, "சூடா, சர்க்கரை போட்டு, கிளாசுல" என்றேன். கொடுத்தார்.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் இரண்டு இட்லி. ஒன்றை வைத்துவிட்டேன். பழைய ரவிக்கைகளை மங்கை பிடித்துத் தைத்துத் தந்தாள். மங்கை தம்பியின் மனைவி. "துணி இளகிப் போச்சு மதினி" என்றாள். துணி எங்கேயாவது இளகுமா?

டாக்டர் ஞானதுரையைப் பார்த்தோம். நல்ல மனிதர், நாற்பது வயதிருக்கும். என்னிடம், "எப்படி இருக்கீங்க டீச்சர்? எல்லாம் நல்லாப் போகுது. மனசைத் தளர விடாதீங்க" என்றார்.

"எது நல்லாப் போகுது டாக்டர்?"

"எல்லாமே."

அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நர்ஸ் குரல் கொடுத்தார். "செண்பகவல்லி அட்டெண்டர் மட்டும் வாங்க." தம்பி போனான். ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லாச் சாப்பிடச் சொன்னாரு."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"உள்ள ஏசி நல்லா இருந்துச்சு, உக்காந்துட்டேன்" என்றான். ஏசியில் உட்கார்ந்தவனுக்கு அப்படி வியர்க்குமா என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி படிக்கிறேன். தம்பி மகள் தாரிணி தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் ஓசூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பாடம். மற்ற நாட்களில் நானே தட்டித் தடவிக் கற்றுக்கொள்கிறேன்.

தட்டித் தடவி என்பது சும்மா சொல்லும் பேச்சு இல்லை. போன வருடம் போட்ட கீமோ ஊசிகளுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன. கையுறை போட்டுக்கொண்டு தட்டுவது போல இருக்கிறது. ஒரு எழுத்து இரண்டு தடவை விழும். அழித்துவிட்டு மறுபடி தட்டுவேன். கணினி உச்சுக்கொட்டுவதில்லை. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கிறது.

ஹாலில் எல்லோருக்கும் ஒரே கவலை, 'நம்ம முறை எப்ப வரும்?' மிஷின் அடிக்கடி நின்றுவிடுகிறது. எழுந்து போய்க் கேட்டால் "கூப்புடுவோம், உக்காருங்க" என்கிறார்கள். கழிப்பறைக்குப் போகக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதப் போகிறேன். டோக்கன் எண்ணைக் கொடுத்தால், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், ஏறக்குறைய எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். டோக்கன் மறந்துபோனவர்கள் பெயரைக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும்.

எதையாவது கொடுத்தால் வாங்கி, ஒரு வேலையைச் செய்து, விடையைத் திருப்பித் தருகிற துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். மாவு மில் மாதிரி. அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமாம். 'எப்போது' என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

தாரிணியுடன் பாடம்.

'எப்போது' என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். ஒன்று எண்ணை வாங்கும், இன்னொன்று பெயரை வாங்கும். மில்லில் அரிசி கொண்டுபோனால் ஒரு கல், மிளகாய் கொண்டுபோனால் ஒரு கல். கொண்டுபோவதைப் பார்த்து மில்காரர் பிரித்துக்கொள்ள மாட்டாரா? அந்த நம்பிக்கையில் எழுதினேன். பெயர் கொடுத்தால் சரியாகச் சொன்னது. 9 என்று கொடுத்தால், 'அப்படி யாரும் இல்லை' என்றது.

"அத்தை, வேற சில மொழியில நீங்க எழுதுன மாதிரி எழுதலாம். ஒரே பேருல நாலு எழுதினாலும், என்ன வகை வருதுன்னு பாத்து அதுவே சரியானதைக் கூப்பிட்டுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல அது கிடையாது. ரெண்டாவது எழுதினா முதல்ல எழுதினது போயிரும்."

"போயிருமா? சொல்லாமலா?"

"சொல்லாது."

"ஒரு எச்சரிக்கை கூடக் கிடையாதா?"

"கிடையாது அத்தை."

எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற ஒருத்தியை எடுத்துவிட்டு அதே பெயரில் இன்னொருத்தியை உட்கார வைக்கிறாய், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தாரிணி சிரித்தாள். "சரி, வழி என்ன?" என்றேன். ஒரே ஃபங்ஷன்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை, எல்லோரும் உள்ளே வரலாம். உள்ளே வந்த பிறகு, 'நீ எண்ணா, எழுத்தா?' என்று டைப்ஆஃப் என்ற சொல்லைப் போட்டு நாமே கேட்க வேண்டும். எண் என்றால் இப்படி, எழுத்து என்றால் அப்படி. மாற்றி எழுதினேன். இரண்டுக்கும் பதில் வந்தது. இந்த வயதில் கைதட்டினேன்.

பிறகு, "இதில் ஒரு வருடப் பாடம் இருக்கிறதாமே, சேர்த்துவிடு" என்றேன்.

"அது எதுக்கு அத்தை? மூணு மாசப் பாடமே போதும்."

"எனக்கு என்ன அவசரம்? ஓய்வு பெற்றவள்தானே?"

திரையில் அவள் முகம் காணாமல் போய், பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. சளி என்றாள்.

மார்ச் 11, திங்கள்

வீட்டில் வேலை செய்த பக்கம் ஹாலில் சொதப்பிவிட்டது. ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பெயர்களையும் டோக்கன்களையும் அதில் சேர்த்திருந்தேன். முதலில் இருளப்பனைக் கூப்பிட்டு, அவர் டோக்கனைத் திரையில் இருந்த பெட்டிக்குள் அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் 14 என்று அடித்தார்.

'அப்படி யாரும் இல்லை.'

"டீச்சரம்மா, ஒங்க மிசினு என்னைய இல்லங்குது."

"இருங்க, இருங்க."

"நான் இருக்கேன். அதுதான் இல்லங்குது" என்றார். ஹாலே சிரித்தது. தலையில் துணி கட்டியவர்கள், மூக்கில் குழாய் வைத்தவர்கள், எல்லோரும். அங்கே அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பக்கம் வேலை செய்திருந்தால் இவ்வளவு பலன் இருந்திருக்காது.

மார்ச் 12, செவ்வாய்

தவறு புரிந்துவிட்டது. வீட்டில் பெட்டி இல்லாமல் ஃபங்ஷனுக்கு எண்ணை நேராகக் கொடுத்திருந்தேன். பெட்டிக்குள் எதை அடித்தாலும், அது எழுத்தாகத்தான் உள்ளே போகிறது. 14 என்று அடித்தால் பதினான்கு என்ற எண் போவதில்லை. ஒன்று, நான்கு என்ற இரண்டு எழுத்துகள் போகின்றன. என் ஃபங்ஷன் 'நீ எண்ணா, எழுத்தா?' என்று கேட்கிறது. 'எழுத்து' என்று பதில் வருகிறது. உடனே '14' என்ற பெயருடைய ஆளைத் தேடக் கிளம்பிவிடுகிறது. அது கேட்டது சரிதான். கிடைத்த பதிலும் பொய்யில்லை. ஆனால், வந்தவர் எண் என்பதை அதனால் தெரிந்துகொள்ளவே முடியாது, ஏனென்றால் பெட்டி வழியாக வந்தவர் யாராக இருந்தாலும் எழுத்துதான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2 என்ற எண்ணோடு 3 என்ற எண்ணைக் கூட்டினால் 5. '2' என்ற எழுத்தோடு '3' என்ற எழுத்தைக் கூட்டினால் 23. கூட்டல் குறி ஒன்றுதான். வந்தவர் யார் என்று பார்த்து அது நடந்துகொள்கிறது.

இதை எழுதும்போது கேண்டீன்காரர் ஞாபகம் வந்தது. கைப்பட்டை ஞாபகம் வந்தது. நான் என்ன கேட்டாலும் அது ஒரு நோயாளி கேட்ட கேள்வியாகத்தான் உள்ளே போகிறது. அதற்கு உண்டான பதில்தான் திரும்பி வருகிறது. 'எல்லாம் நல்லாப் போகுது.'

மங்கை ரசம் வைத்தாள். ருசி தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 13, புதன்

தம்பி தண்ணீர் பிடிக்கப் போனபோது என் மருத்துவக் கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். தடித்த பச்சைக் கோப்பு. மேலே என் பெயர்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். மருத்துவச் சொற்கள் புரியாவிட்டால் தேடிப் பார்க்கவும் தெரியும். கை நீளவில்லை. அவன் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்த உடனே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அது என் உடம்பைப் பற்றியது. என் சொந்த வீட்டுக்குள் நான் ஏன் கொல்லை வழியாக நுழைய வேண்டும்? சொல்ல வேண்டியவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தம்பி திரும்பி வந்து கோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தொடலடா" என்றேன்.

மார்ச் 14, வியாழன்

மங்கை வாய் தவறிவிட்டாள். "அடுத்த மாசம் ஊசிக்கு அட்மிட் ஆகும்போது இந்தப் போர்வையை எடுத்து வச்சுக்கலாம் மதினி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சுற்று ஊசி. தம்பி சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இருக்கிற விரல்களும் மரத்துப்போகும். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் விரல்கள் என்னிடம்தான் இருக்கின்றன. எதற்காக என்று மட்டும் தெரியாது. ஊசி போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? ஒரு பலகையில் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட முடிவு சொல்லும். எனக்குப் பலகையைக் காட்டவில்லை. முடிவை மட்டும் போர்வையில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

தம்பியிடம் நேராகக் கேட்டேன்.

"டாக்டர் சொன்னா கேட்டுக்கணும்க்கா. சின்னப்புள்ள மாதிரி அடம் பிடிக்காத."

"டாக்டர் எங்கிட்டச் சொல்லலையே."

"எங்கிட்டச் சொன்னா உங்கிட்டச் சொன்ன மாதிரிதான?"

"அப்ப ஊசியையும் நீ போட்டுக்க" என்றேன்.

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். எனக்கும் இறங்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பெட்டியைச் சரி செய்துவிட்டேன். உள்ளே வந்ததும் 'நீ யார்?' என்று கேட்பதற்கு முன்னால், எண்ணாக மாற முடிகிறதா என்று மாற்றிப் பார்க்க வேண்டும். மாறினால் எண். மாறாவிட்டால் பெயர். இருளப்பன் 14 என்று அடித்தார். 'இருளப்பன், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர்' என்று வந்தது.

"இப்பத்தான் மருவாதி தெரியுது" என்றார்.

அவருக்கு இன்றோடு கரண்டு முடிகிறது. நுங்கு வாங்கி வந்திருந்தார், நான் இரண்டு தின்றேன். ருசி தெரிந்தது. அவரிடம் கேட்டேன், "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"எல்லாத்தையும் சொல்லிப்புட்டாரு. கட்டி சுருங்கும், ஆனா தொண்ட பழையபடி வராது, கஞ்சியும் கூழுந்தான்னாரு. மறுபடி வந்தா வெட்டி எடுக்கணுமாம். பேச்சு போயிருமாம். வருசத்துக்கு நாலு தடவ வந்து காட்டுன்னாரு."

"நேரா உங்ககிட்டயே சொன்னாரா?"

"பின்ன? கூட யாரு வந்திருக்கான்னாரு. யாருமில்லன்னேன். கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிக்கிட்டே இருந்தாரு. பெறகு சொன்னாரு. வேற யார்ட்டச் சொல்றது? ஆட்டுக்கிட்டயா?"

அவர் நுங்குத் தோலைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். இந்த ஹாலில் உண்மை தெரிந்த ஒரே நோயாளி, துணைக்கு ஆள் இல்லாத மனிதர்! மற்ற எங்களுக்கெல்லாம் அன்பானவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒன்றும் தெரியவில்லை.

ஃபங்ஷனுக்கு இரண்டு மதிப்புகள் கொடுக்கலாம் என்று தாரிணி சொல்லியிருக்கிறாள். இரண்டாவது வராவிட்டால், இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அது நடந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

பாடம் இல்லை. தாரிணிக்கு வேலையாம். தடித்த துணி ஒன்றைத் தைக்கக் கொடுத்தேன். மடிக்கணினி வைக்க ஒரு பை. நீளமான வார் வைக்கச் சொன்னேன். தோளில் மாட்டிக்கொண்டு நானே தூக்கிப் போவேன்.

மார்ச் 19, செவ்வாய்

எனக்கும் கரண்டு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்றுதான் ஊசிக்குத் தேதி குறிப்பார்கள். தம்பியும் மங்கையும் காலண்டரில் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே.

மார்ச் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நல்ல வெயில். நாடா கழுத்தை அறுக்கிறது என்று தம்பி மஞ்சள் அட்டையைக் கழற்றிப் பை மேல் போட்டுவிட்டு, மருந்துக் கடை வரிசையில் நிற்கப் போனான். வாசலில் புது நர்ஸ். என்னை அறியாதவள். "செண்பகவல்லி அட்டெண்டர்!" என்று கூப்பிட்டாள்.

அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். முந்தானையை இழுத்துக் கைப்பட்டையை மூடினேன். எழுந்தேன்.

"நீங்கதான் அட்டெண்டரா?"

"ஆமா."

வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. கேள்வியெல்லாம் உள்ளே போன பிறகுதான்.

டாக்டர் ஞானதுரை கணினியைப் பார்த்துக்கொண்டே, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். நிமிர்ந்தார்.

"டீச்சர்... நீங்க ஏன்? உங்க தம்பி எங்கே?"

"நான் செண்பகவல்லியோட அட்டெண்டர் டாக்டர்."

"நீங்கதானே செண்பகவல்லி?"

"பேஷன்ட் வெளிய உக்காந்திருக்காங்க. அட்டெண்டர்கிட்டச் சொல்றதை எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து மேஜை மேல் உருட்டினார். இருளப்பன் சொன்ன அதே உருட்டல். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, சொல்லிவிடுவார் என்று.

"உங்க தம்பி என்கிட்டக் கைய பிடிச்சுக் கேட்டுக்கிட்டார், டீச்சர். தெரிஞ்சா அவங்க உடைஞ்சிருவாங்கன்னு."

"அவங்க எப்படிப்பட்டவங்கன்னு அவனை விட எனக்கு நல்லாத் தெரியும். ரொம்ப நாளா அவங்ககூடத்தான் இருக்கேன். சொல்லுங்க, அவங்களுக்கு என்ன?"

பேனாவை மூடி வைத்தார்.

"அவங்களுக்கு... கல்லீரலுக்குப் பரவியிருக்கு. இந்தக் கரண்டு வலியைக் குறைக்கத்தான். குணமாக்க இல்ல."

"சரி. ஊசி?"

"அதுவும் குணமாக்காது. சிலருக்கு மூணு நாலு மாசம் கூடும். சிலருக்குக் கூடாது. அவங்களுக்கு எப்படின்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

"அவங்க விரல்?"

"இன்னும் மரத்துப்போகும். சட்டை பட்டன் போடறதே கஷ்டமாயிரலாம். திரும்பி வராமலும் போகலாம்."

"ஊசி இல்லாட்டி எவ்வளவு காலம்?"

"தேதி குறிக்க முடியாது."

"தேதி கேக்கல டாக்டர். பண்டிகை சொல்லுங்க."

"தீபாவளி பாப்பாங்கன்னு நினைக்கிறேன். பொங்கல்... எனக்குத் தெரியல. உண்மையாவே தெரியல."

அட்டையைப் பிடித்துக்கொண்டேன். அட்டெண்டர் தளரக்கூடாது, நோயாளி வெளியே இருக்கிறாள்.

"வலி?"

"வலிக்கு மருந்து இருக்கு. அதுல நான் கஞ்சத்தனம் பண்ண மாட்டேன். அது என் வாக்கு." சொல்லிவிட்டு முன்னால் சாய்ந்தார். "வலி வந்தா நீங்க பொறுத்துக்கக் கூடாது, டீச்சர். உடனே எனக்கு ஃபோன் பண்ணணும். நீங்களே பண்ணணும்."

அவங்க, அவங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்க என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நான் முந்தானையை விலக்கி, கைப்பட்டை தெரியும்படி கையை மேஜை மேல் வைத்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். மருந்துப் பையும் வேர்வையுமாக. என் கழுத்தில் அட்டையைப் பார்த்தான், கையில் பட்டையைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான்.

"உக்காருடா" என்றேன். "ஏசி நல்லா இருக்கு."

உட்கார்ந்து, மருந்துப் பையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

மார்ச் 23, சனி

இரண்டு இட்லி. இரண்டும் தின்றேன்.

காலையில் இருந்து வீட்டில் சண்டை. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"மூணு நாலு மாசம் கூடும்னாருல்ல? உனக்கு எங்க கூட இருக்கப் பிடிக்கலையா?" என்று தம்பி கத்தினான்.

"கூடலாம்னாரு. கூடும்னு சொல்லல. விரல் போகும்னு மட்டும்தான் கிட்டத்தட்ட உறுதியாச் சொன்னாரு."

"விரலை வச்சு என்ன பண்ணப் போற?"

"என் பட்டனை நான் போட்டுக்குவேன். சோத்தை நான் பிசைஞ்சு தின்பேன். தட்டுவேன். உனக்கு ஒண்ணு தலையில வைக்கணும்னா வைப்பேன்."

மங்கை சிரித்துவிட்டாள். பிறகு அவளும் அழுதாள். மிளகாய் வறுத்துக்கொண்டிருந்ததால் மூன்று பேருமே இருமினோம், யார் எதற்காக என்று பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் தம்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன்க்கா" என்றான். "ஒவ்வொரு தடவை அந்த ரூமுல இருந்து வெளிய வரும்போதும், உன் மூஞ்சியைப் பாக்கறதுக்குள்ள ஒரு பொய்யைத் தயார் பண்ணணும். ஏசி, சாப்பாடு, அது இது..."

"எல்லாமே மட்டமான பொய்டா."

"தெரியும்."

"இனிமே பண்ணாத. எனக்கும் வேலை மிச்சம், நம்புற மாதிரி நடிக்க வேண்டாம்."

மார்ச் 24, ஞாயிறு

தாரிணி அழைத்தாள். அன்றுபோலவே மூக்கு சிவந்திருந்தது.

"சளி போயிருச்சா?" என்றேன்.

"அத்தை, ஸாரி."

"ஸாரி இருக்கட்டும். ஒரு வருடப் பாடத்தில் சேர்த்துவிடு."

"அத்தை..."

"முடிக்காட்டி என்ன? பாதியில நிறுத்திட்டான்னு போடட்டும். வகுப்புல எத்தனை பேருக்கு நான் அப்படிப் போட்டிருக்கேன். எனக்கு ஒண்ணு போட்டா ஒண்ணும் குறைஞ்சிராது."

சேர்த்துவிட்டாள். அடுத்த பாடத்தையும் இன்றே ஆரம்பித்தோம். எண்ணும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் வேறு ஏதாவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது? சும்மா இருந்துவிடக் கூடாது என்றாள். நான் எதிர்பாராதது வந்திருக்கிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுதினேன். நான்கு எழுத்துகள் இரண்டு தடவை விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

மார்ச் 30, சனி

வலி. மாத்திரை. கேட்டது.

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டரிடம் என் முடிவைச் சொல்லப் போனோம். பக்கம் எழுதிய மடிக்கணினி என் தோளில். தம்பி தூக்குகிறேன் என்றான், கொடுக்கவில்லை.

கவுண்டரில் அந்தப் பெண் வழக்கம்போல் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேஷன்ட் பேரு?"

"செண்பகவல்லி."

"அட்டெண்டர் பேரு?"

இத்தனை நாளும் கேட்டிருக்கிறார்கள், தம்பி சொல்லியிருக்கிறான். அட்டையில்தான் வராது. இன்று அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"செண்பகவல்லி."

நிமிர்ந்தாள். "அது பேஷன்ட் பேரும்மா. அட்டெண்டர் பேரு கேக்கறேன்."

"அதுவும் நான்தான்."

"அப்படிப் போட முடியாதும்மா. சிஸ்டம் எடுக்காது."

"போட்டுப் பாருங்க. அந்தப் பெட்டி எதைப் போட்டாலும் எடுக்கும்."

பின்னால் வரிசை நீண்டது. அவள் பெருமூச்சு விட்டு, தப்பென்று எனக்குக் காட்டுவதற்காகவே, இரண்டாவது பெட்டியிலும் என் பெயரை அடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

எடுத்தது. உள்ளேயிருந்து மஞ்சள் அட்டை ஒன்று வந்து விழுந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கையில் பட்டையும் கழுத்தில் அட்டையுமாக நான் நடந்தேன்.

தம்பி வெறும் கழுத்தோடு பின்னால் வந்தான். "ஏக்கா, அப்ப நான் யாரா வர்றது?"

"தம்பியா வாடா" என்றேன். "அதுக்கு அட்டை வேண்டாம்."

முதலில் கேண்டீனுக்குப் போனோம். இரண்டு டீ, கிளாசில்.